1.6 கழிக்கவும்

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மூன்று தெர்மாமீட்டர்கள் பொய் சொல்கின்றன என்று தீர்ப்பு எழுதியது. ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறே கால். இடம், எங்கள் வீட்டுச் சமையலறை மேசை. பக்கத்துக் கூடத்தில் என் மூன்று வயது மகள் சோபாவில் கன்னம் சிவந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

அம்மா ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தாள். காலையில் வாசலில் நின்று, வருகிற ஒவ்வொரு குழந்தையின் நெற்றிக்கும் தெர்மாமீட்டரைக் காட்டி, உள்ளே விடுவதா வீட்டுக்குத் திருப்புவதா என்று முடிவு செய்பவள் அவள்தான். முப்பத்தெட்டு டிகிரி கோடு. அதற்குக் கீழே என்றால் உள்ளே. தொட்டுவிட்டால் வீடு.

நான் ஓர் ஆய்வகத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பவன். எந்தக் கருவி உண்மை சொல்கிறது, எது எவ்வளவு பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்து, ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவது என் வேலை. ஆக, காய்ச்சல் விஷயத்தில் இந்தக் குடும்பத்தை வெளியாள் ஏமாற்றுவது கஷ்டம். நாங்களே ஏமாந்தால்தான் உண்டு.

மாதத்தில் ஒரு ஞாயிறு, அம்மா காப்பகத்தின் மூன்று தெர்மாமீட்டர்களையும் ஒரு ஜிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள். இரண்டு நெற்றிக்குக் காட்டுகிறவை, ஒன்று அக்குளில் வைக்கிறது. முதல் சில மாதங்கள் அவற்றை ஆய்வகத்துக்கே எடுத்துப்போய் முறைப்படி சோதித்தேன். அப்போது ஒன்றைக் கவனித்தேன். அம்மாவை எப்போது அளந்தாலும் 36.6. மழை, வெயில், பக்கத்து வீட்டோடு சண்டை, எது வந்தாலும் 36.6. அபூர்வமாக 36.5. ஒரே ஒரு முறை 36.7. அன்றைக்கு என் மாமியார் வந்திருந்தார்.

அதற்குப் பிறகு ஆய்வகம் எதற்கு? அம்மாவின் நெற்றியையே ஒப்பு அளவாக வைத்துக்கொண்டேன். அவள் நெற்றியில் 36.6 காட்டினால் கருவி சரி. முப்பத்தொரு மாதம் இப்படியே ஓடியது. லேப்டாப்பில் வரைபடம்கூட வைத்திருந்தேன். படுக்க வைத்த மாதிரி ஒரே கோடு. அவ்வளவு நிலையான கருவி எங்கள் ஆய்வகத்தில் கிடையாது.

அந்த ஞாயிறு மதியத்திலிருந்தே மகள் சுருண்டு சுருண்டு படுத்தாள். பையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்து அவள் நெற்றிக்குக் காட்டினேன். 38.4.

"எவ்வளவு?" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

"38.4."

"இங்க கொண்டா." வாங்கித் தன் நெற்றிக்குக் காட்டிக்கொண்டாள். கருவி கீச்சென்றது. 38.2.

இருவரும் அந்த எண்ணைப் பார்த்தோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தோம். இரண்டு பேர் முகத்திலும் ஒரே நேரத்தில் வெளிச்சம்.

"பாத்தியா, இது கெட்டுப்போச்சுடா."

இரண்டாவதை எடுத்தேன். அவள் நெற்றியில் 38.2. மூன்றாவதை அக்குளில் வைத்துக்கொண்டாள். 38.3.

"மூணும் கெட்டுப்போச்சு."

"மூணுமா?"

"மூணும் ஒரே நாள்ல வாங்கினது. ஒரே நாள்ல கெட்டுப்போகுது. இதுல என்னடா அதிசயம்?"

என் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரம் சொல்லித்தருகிற பாடம் இது: மூன்று கருவிகள் ஒரே நாளில், ஒரே பக்கமாக, ஒரே அளவு விலகினால், கோளாறு கருவியில் இல்லை, அளக்கப்படுகிற பொருளில் இருக்கிறது. இந்தப் பாடத்தை நானே நடத்தியிருக்கிறேன். ஸ்லைடு போட்டு. கடைசி வரிசையில் தூங்கியவனை எழுப்பித் திரும்பச் சொல்ல வைத்திருக்கிறேன்.

சந்தேகம் தீர எளிய வழி ஒன்று இருந்தது. என் நெற்றிக்கு ஒரு தடவை காட்டியிருக்கலாம். இரண்டு விநாடி வேலை. நான் நெற்றியைக் கொடுக்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

லேபிள் அடிக்கிற சின்ன எந்திரம் ஒன்று வீட்டில் இருந்தது. "1.6 கழிக்கவும்" என்று மூன்று லேபிள் அடித்தேன். நேராக, குமிழ் விழாமல் ஒட்டினேன். 38.2இல் 1.6 போனால் 36.6, அம்மா சரி. 38.4இல் 1.6 போனால் 36.8, மகளும் சரி. வரைபடத்தில் அந்த மாதத்துப் புள்ளியை நீக்கிவிட்டு, "கருவிப் பிழை" என்று குறிப்பு எழுதினேன். ஒரே லேபிளில் வீட்டில் இரண்டு பேரைக் குணப்படுத்தியாயிற்று.

காப்பகம் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம். வாசலில் இடுப்பளவு மரக் கேட், உள்ளே தள்ளினால் செருப்பு அலமாரி, அதற்கு மேலே ஒரு வெள்ளைப் பலகை. பலகையில் அன்றாட அட்டவணை. 7.30 வருகை. 9.30 பாலும் பழமும். 10.00 விளையாட்டு. 12.00 சாப்பாடு. 12.45 தூக்கம். 3.00 விழிப்பு. 6.00 வீடு. முப்பத்தொரு குழந்தைகளும் பன்னிரண்டே முக்காலுக்குச் சொல்லிவைத்த மாதிரி தூங்கி, மூன்று மணிக்குச் சிரித்துக்கொண்டே எழுந்துவிடும். பலகையில். நிஜத்தில் நடக்கிறதை எழுதினால் பலகை போதாது, சுவரும் போதாது என்பாள் அம்மா.

பலகையில் இல்லாத ஒன்று மட்டும் கடிகாரம் தவறாமல் நடந்தது. பதினொன்றரை மணிக் காய்ச்சல்.

அதன் செயல்முறை இது. காலை ஏழு பத்துக்கு, வீட்டிலோ காரிலோ, குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து ஒரு மூடி. ஏழே முக்காலுக்கு வாசலில் நெற்றி குளிர்ந்திருக்கும். அப்பாவோ அம்மாவோ கேட்டைத் தாண்டியதும் ஓட்டமும் நடையுமாக மறைந்துவிடுவார்கள். மருந்துக்கு ஆயுள் நாலு மணி நேரம். பதினொன்று பத்துக்கு அது தீரும். பதினொன்றரைக்குக் குழந்தை கொதிக்கும். அதற்குள் ஆறு குழந்தைகள் முகத்தில் இருமியிருக்கும். காப்பகத்திலிருந்து போன் போகும். மறுமுனையில் எல்லோரும் ஒரே வசனம் பேசுவார்கள்: "காலையில நல்லாத்தானே இருந்தான்!" யாரோ எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்த மாதிரி.

அதனால் அம்மா தெர்மாமீட்டரை மட்டும் நம்புவதில்லை. முதலில் பெற்றவர்களின் முகத்தைப் பார்ப்பாள். கார் சாவியைக் கையிலேயே வைத்திருப்பவர், எஞ்சினை அணைக்காமல் வந்தவர், குழந்தையை நீட்டிக்கொண்டே பின்னால் நகர்பவர், எல்லோரும் சந்தேகப் பட்டியலில். பிறகு குழந்தையின் வாயை முகர்ந்து பார்ப்பாள்.

வங்கியில் வேலை பார்க்கிற ஒருவர் வருவார்.

"லேசா சூடு இருக்கும்மா. கார்ல ஏசி வேலை செய்யல, அதான்."

"காருக்குத்தானே சார் ஏசி வேலை செய்யல? புள்ள ஏன் சுடுறான்?"

வக்கீல் அம்மா ஒருத்தர்.

"பல்லு முளைக்குதுங்க."

"நாலு வயசுலயா? எந்தப் பல்லும்மா? வாயைத் திற கண்ணு, நானும் பாத்துக்கறேன்." முகர்ந்து பார்ப்பாள். "ஆரஞ்சு வாசனை வருதே. காலையில என்ன சாப்பிட்ட?"

"பழம்தான் சாப்பிட்டான்," என்பார் வக்கீல்.

"இல்ல, காய்ச்சல் மருந்து," என்றது குழந்தை. "யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

குழந்தைகளைக் கூட்டுச் சேர்த்துச் சதி செய்யக்கூடாது. முதல் கேள்வியிலேயே அப்ரூவர் ஆகிவிடும். வக்கீலுக்கே அது தெரியவில்லை.

பெற்றோர்கள் அம்மாவுக்கு வைத்த பெயர் செக்போஸ்ட். போனில் அவர்களுக்கென்று ஒரு குழு உண்டு. காலை ஏழு மணிக்கு முதல் செய்தி வரும்: "இன்னைக்கு செக்போஸ்ட்ல யாரு?" பதில் வரும்: "அவங்கதான்." அடுத்தது: "போச்சு." மகள் அங்கே சேர்ந்த நாளிலிருந்து நானும் அந்தக் குழுவில் உறுப்பினர். மறுப்பு எதுவும் பதிவு செய்ததில்லை.

குழந்தைகள் வைத்த பெயர் வேறு. கதவம்மா. திறக்கிறவளும் அவள், மூடுகிறவளும் அவள். அவர்களுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

இந்த மருந்து வித்தையெல்லாம் அம்மாவுக்கு எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று மற்ற ஆயாக்கள் வியப்பார்களாம். வியக்க ஒன்றும் இல்லை. அவள் என் மேல் செய்து பார்த்ததுதான்.

எனக்கு ஆறு வயது. அப்பா இறந்து இரண்டு வருஷம். அம்மா ஒரு துணி கம்பெனியில் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்குகிற வேலையில் இருந்தாள். ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் அந்த இடத்தில் வேறொருத்தி நிற்பாள். ஒரு காலையில் எனக்குக் கொதித்தது. ஏழு பத்துக்கு மருந்து கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பினாள். பதினொன்றரைக்குப் பள்ளியிலிருந்து கம்பெனிக்குப் போன் போனது. எடுத்த சூப்பர்வைசர் அதை அவளிடம் நாலு மணிக்குச் சொன்னார், வேலை முடிந்த பிறகு. "மறந்தே போச்சும்மா" என்றாராம். நாலரை மணி நேரம் நான் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் பைக்கட்டைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தேன். எனக்கு அந்தப் பெஞ்சில் இருந்த ஆணி மட்டும்தான் ஞாபகம். மற்றதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

நாற்பது வயதில் காப்பகத்தில் தரை துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டே வருஷத்தில் வாசலுக்கு வந்துவிட்டாள். திருப்பி அனுப்பப்பட்ட அம்மாக்கள் கேட்டுக்கு வெளியே இடுப்பில் குழந்தையோடு ஆபீசுக்குப் போன் போட்டுக் கெஞ்சுவார்கள். அப்போது இவள் முதுகைக் காட்டிக்கொண்டு செருப்பு அலமாரியை அடுக்குவாள். ஏற்கெனவே அடுக்கிய அலமாரி.

"பாவம்ன்னு தோணாதாம்மா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அந்த நேரத்துல அவங்க முகத்தைப் பாக்கமாட்டேன்டா. பாத்தா உள்ள விட்டுடுவேன். விட்டா உள்ள இருக்கிற முப்பது புள்ளைக்கும் யாருடா பதில் சொல்றது?"

காப்பகத்தை நடத்துகிறவரை எல்லோரும் மேடம் என்பார்கள். மென்மையானவர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. வாசலில் அவர் மாட்டிய அறிவிப்பு: "உடல்நலமில்லாத குழந்தைகளை அன்புகூர்ந்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும்." காய்ச்சல் வந்த குழந்தை, மருந்து இல்லாமல் இருபத்துநாலு மணி நேரம் காய்ச்சலற்று இருந்தால்தான் திரும்பி வரலாம். அதற்கு ஒரு மஞ்சள் சீட்டு உண்டு. பெற்றோர் நிரப்பிக் கையெழுத்திட்டு, திரும்பும் நாளில் வாசலில் கொடுக்க வேண்டும். எல்லாம் குழந்தைகளுக்கு. ஊழியர்களுக்கு அப்படி அறிவிப்பு எதுவும் இல்லை. ஊழியர்களுக்குக் காய்ச்சல் வராது என்பது மேடத்தின் நம்பிக்கை. பத்தொன்பது வருஷம் ஒரு நாள்கூட லீவு போடாமல் அம்மா அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினாள்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஏன் தெர்மாமீட்டர் கெட்டுப்போக வேண்டியிருந்தது என்பது.

திங்களும் செவ்வாயும் எங்கள் ஆய்வகத்தில் தணிக்கை. வெளியிலிருந்து இரண்டு பேர் வந்து, நாங்கள் உண்மையை உண்மையாகத்தான் அளக்கிறோமா என்று பார்ப்பார்கள். தெர்மாமீட்டர் பிரிவுக்கு நான் பொறுப்பு. என் மனைவி வேறு ஊரில் இரண்டு வாரப் பயிற்சியில் இருந்தாள். வெள்ளிக்கிழமையே மேனேஜரிடம் ஒரு பேச்சுக்குக் கேட்டுவைத்தேன், குழந்தைக்கு ஏதாவது என்றால் லீவு கிடைக்குமா என்று.

"குழந்தைக்கு அம்மா இல்லையா?"

"ட்ரெய்னிங்ல இருக்காங்க சார்."

"உங்க அம்மா?"

"குழந்தைங்க காப்பகத்துல வேலை பாக்கறாங்க."

"அப்புறம் என்னய்யா? அங்கேயே கொண்டுபோய் விட வேண்டியதுதானே."

இதில் குறை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

அம்மா பக்கம் நிலைமை இன்னும் எளிது. ஒரு ஆயா பிரசவ லீவு. இன்னொருத்தி, வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று வராமல் இருந்தாள். மேடம் சனிக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்திருந்தார். "திங்கட்கிழமை வாசலுக்கு நீங்க மட்டும்தான்மா. உங்களை நம்பித்தான் திறக்கறேன்." இப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அம்மா நெருப்பில் நடப்பாள். நடந்துகொண்டிருந்தாள் என்றே நினைக்கிறேன். சனிக்கிழமையே அவளுக்கு உடம்பு வலித்திருக்க வேண்டும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். கேட்கவில்லை.

திங்கட்கிழமை நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். கைக்குழந்தைகள் அறையில் வேலை பார்க்கிற பெண் சொன்னாள்.

ஏழு இருபத்தைந்துக்கு அம்மா கதவைத் திறந்தாள். முதல் குழந்தை என் மகள். 38.3 காட்டியது. 1.6 போனால் 36.7. "உள்ள போ ராணி." நான் கேட்டைத் தாண்டி ஓட்டமும் நடையுமாக மறைந்தேன்.

இரண்டாவது, வங்கிக்காரர் பையன். 36.5. லேபிள்படி 1.6 கழித்தால் 34.9. அது நிஜமென்றால் அந்தப் பையன் ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். மூன்றாவது குழந்தை, கழித்த பிறகு 35.0. நாலாவது, 34.9.

"அஞ்சாவது புள்ள வரைக்கும் பாத்தாங்க அண்ணே," என்றாள் அந்தப் பெண். "அப்புறம் மூணு ஸ்டிக்கரையும் நகத்தால சுரண்டிச் சுரண்டி எடுத்தாங்க. என்னக்கான்னு கேட்டேன். 'என் பையன் ரொம்பப் படிச்சவன், அதான் இப்படி'ன்னாங்க."

பிறகு உள்ளே போய் என் மகளைத் தூக்கிவந்து, திரைக்குப் பின்னால் இருக்கிற நோய்க் கட்டிலில் படுக்க வைத்தாள். விதிப்படி பெற்றோருக்குப் போன். மூன்று தடவை அடித்தாள். என் போன் ஆய்வக லாக்கரில் இருந்தது. தணிக்கை அறைக்குள் போன் கூடாது. தகவல் கிடைத்து ஒரு மணி நேரத்துக்குள் வந்து குழந்தையைக் கூட்டிப்போக வேண்டும் என்பதும் விதி. வராத பெற்றோரை அம்மா இத்தனை வருஷம் என்னென்ன பேசியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஐம்பத்தொன்பது நிமிஷம் காத்திருந்தாள். அந்தப் பெண் கடிகாரம் பார்த்துச் சொன்னாள், ஐம்பத்தொன்பது. அதற்குப் பிறகு பதிவேட்டை எடுத்தாள். "ஒப்படைத்தவர்" என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். "பெற்றுக்கொண்டவர்" என்ற இடத்திலும் அவளே கையெழுத்துப் போட்டாள். அந்தப் பக்கத்தை நான் பார்த்தேன். இரண்டாவது கையெழுத்து கொஞ்சம் கோணல்.

மேடம் பதறினாராம். "நீங்களும் போய்ட்டா வாசல்ல யாரும்மா நிப்பாங்க?"

"நீங்க நில்லுங்க மேடம். முப்பத்தெட்டு வந்தா அனுப்பிடுங்க. அவ்வளவுதான் வேலை."

லீவு விண்ணப்பத்தில் காரணம்: "பேத்திக்குக் காய்ச்சல்." பத்தொன்பது வருஷத்தில் முதல் லீவு. அதுவும் தனக்காக இல்லை என்று எழுத்தில் பதிவு செய்துவிட்டுத்தான் போட்டாள். மேடம் நின்ற அந்த வாரம் முழுவதும் ஒரு குழந்தையும் திருப்பி அனுப்பப்படவில்லை. மேடத்துக்குக் கைராசி.

மதியம் ஒரு மணிக்கு லாக்கரைத் திறந்து, தவறிய மூன்று அழைப்புகளைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லடா. கை பட்டுடுச்சு. நீ வேலையைப் பாரு."

மூன்று தடவை கை படுமா என்று கேட்கவில்லை. மூன்று தெர்மாமீட்டர் ஒன்றாகக் கெடும் என்று நம்பியவன் இதை நம்பமாட்டேனா?

சாயங்காலம் வந்தபோது இருவரும் வீட்டில் இருந்தார்கள்.

"உன் ஸ்டிக்கர் தப்புடா," என்றாள்.

"அப்ப கருவி சரியா?"

"சரிதான்."

"அப்ப நீ?"

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன். புள்ளைய பாரு."

அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது. வீட்டில் சொந்தமாகத் தெர்மாமீட்டர் இல்லை. மாதம் தவறாமல் மூன்று வருகிற வீட்டில் நாலாவது எதற்கு என்று வாங்கவில்லை. செவ்வாய் மாலையும் தொட்டேன். குளிர்ச்சி. இருமல் மட்டும் இருந்தது. புதன்கிழமை மகள் சோபாவிலிருந்து குதித்துக்கொண்டிருந்தாள். அம்மா சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றி குளிர்ச்சி. "டாக்டர்கிட்ட போலாம்மா" என்றேன். "நாளைக்குப் பாக்கலாம். தணிக்கை எப்படிப் போச்சு?" என்றாள்.

தணிக்கை நன்றாகப் போயிருந்தது. பிழை எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

நான் வீடு திரும்புவது ஆறு மணி. அவள் ஐந்தரைக்கு மாத்திரை போட்டிருக்கிறாள். தலையணைக்கு அடியிலிருந்து மாத்திரை அட்டையைப் பிறகு எடுத்தேன். பத்தில் இரண்டு மிச்சம். ஏழு பத்து வித்தையின் மாலைப் பதிப்பு. வாசலில் நின்று ஊர் முழுக்கப் பிடித்தவள், என் கையை எவ்வளவு சுலபமாகத் தாண்டிவிட்டாள். நான் வாயை முகர்ந்து பார்க்கவில்லை. பார்த்தாலும் மாத்திரைக்கு ஆரஞ்சு வாசனை கிடையாது.

வியாழன் காலையில் மூச்சு வாங்கியது. பேச முடியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் நுரையீரல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எத்தனை நாளா காய்ச்சல்?"

இந்தக் கேள்விக்கு என்னைப் போல் துல்லியமாகப் பதில் சொன்னவர் அவருக்கு யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறே கால். 38.2. இன்னொன்றிலும் 38.2. அக்குளில் 38.3."

"மூணு தடவை பாத்தீங்களா? அப்பவே ஏன் கூட்டிட்டு வரல?"

"கருவி கெட்டுப்போச்சுன்னு நினைச்சோம்."

"மூணுமா?"

என் கழுத்தில் ஆய்வக அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் படித்தார். பெயருக்குக் கீழே என் பதவி எழுதியிருக்கிறது. பிறகு எதுவும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

மனைவி வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தாள். சனிக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு அம்மா இறந்துபோனாள். கட்டிலுக்கு மேலே ஒரு திரையில் அவள் வெப்பநிலை ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாகப் பார்த்தபோது 39.1. அந்தக் கருவி சரியாக இருந்தது.

மேடம் பெற்றோர் குழுவில் இரங்கல் செய்தி போட்டார். பூப்படம், கும்பிடும் கைகள், இரண்டு வரி. அதற்குக் கீழே: "திங்கட்கிழமை காப்பகம் வழக்கம்போல் இயங்கும். அட்டவணையில் மாற்றம் இல்லை." நாற்பது பேர் கும்பிடும் கைகள் அனுப்பினார்கள். வக்கீல் அம்மா மட்டும் நாலு வரி எழுதியிருந்தார். தன் மகன் தினமும் கதவம்மா எங்கே என்று கேட்கிறான், என்ன சொல்வது என்று தெரியவில்லை என்று. நானும் அதைத்தான் எழுத நினைத்தேன். எழுதவில்லை. செக்போஸ்டில் இனி யார் என்று அந்த வாரம் யாரும் கேட்கவில்லை. அந்த அளவுக்கு மரியாதை இருந்தது.

பத்து நாள் கழித்து மகளைத் திரும்ப விட வேண்டும். மஞ்சள் சீட்டு வேண்டும். அம்மாவின் கைப்பையைத் திறந்தேன். சாவிக்கொத்து, கண்ணாடி, ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறை, சுரண்டி எடுத்த மூன்று லேபிள்கள் உருட்டி ஒரு காகிதத்தில் ஒட்டியபடி. திங்கட்கிழமை காப்பகத்திலிருந்து கிளம்பும்போது மஞ்சள் சீட்டையும் எடுத்து வந்திருக்கிறாள். ஒன்றல்ல. இரண்டு.

முதல் சீட்டு மகளுடையது. முழுக்க நிரப்பியிருந்தது. கடைசியாகக் காய்ச்சல் இருந்த நேரம்: செவ்வாய் காலை 9. மருந்தின்றி 24 மணி நேரம் ஆயிற்றா: ஆயிற்று. பெற்றோர் கையெழுத்து மட்டும் பாக்கி. அந்த இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தாள், நான் வேறெங்காவது போட்டுவிடாமல் இருக்க. போட்டேன்.

காலை ஏழரைக்கு வாசலில் கைக்குழந்தை அறைப் பெண் நின்றாள். இப்போது அவளுக்குத்தான் வாசல். மகள் நெற்றிக்குக் காட்டினாள். 36.6. கருவியைத் திருப்பி என்னிடம் எண்ணைக் காட்டிவிட்டு, சீட்டைக் கேட்டாள். கொடுத்தேன். ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"சரி அண்ணே. உள்ள போ கண்ணு." பிறகு திரும்பி, செருப்பு அலமாரியை அடுக்கத் தொடங்கினாள்.

இரண்டாவது சீட்டு என்னிடம் இருக்கிறது. அதுவும் அம்மா கையெழுத்துதான். குழந்தையின் பெயர் என்ற இடத்தில் "நான்தான்" என்று எழுதியிருக்கிறாள். வயது: 59. கடைசியாகக் காய்ச்சல் இருந்த நேரம்: காலி. மருந்தின்றி 24 மணி நேரம் ஆயிற்றா: காலி. திரும்பி வரும் நாள் என்ற இடத்தில் "வியாழன்" என்று எழுதி அடித்து, "வெள்ளி" என்று எழுதி அடித்து, "திங்கள்" என்று எழுதியிருக்கிறாள். சீட்டின் அடியில் அச்சடித்திருக்கிறது: பூர்த்தி செய்து, திரும்பும் நாளில் வாசலில் ஒப்படைக்கவும்.